பொழுது விலகும்போது: சூழலியல் கலையில் இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2015 டிசம்பர். பாரிஸில் உலக நாடுகள் காலநிலை ஒப்பந்தத்துக்காகக் கூடியிருந்த நாட்கள். நகரின் பாந்தியோன் சதுக்கத்தில் பன்னிரண்டு பெரிய பனிப்பாளங்கள் கடிகார முகப்பின் எண்களைப் போல வட்டமாக வைக்கப்பட்டிருந்தன. கிரீன்லாந்துப் பனித்தகட்டிலிருந்து உடைந்து கடலில் மிதந்த பாளங்கள் அவை. அவற்றைக் கொண்டுவந்தவர்கள் கலைஞர் ஓலாஃபூர் எலியாசனும் நிலவியலாளர் மினிக் ரோசிங்கும். வழியில் போனவர்கள் நின்றார்கள், தொட்டார்கள், சிலர் கட்டிப்பிடித்தார்கள், சிலர் காதை வைத்துக் கேட்டார்கள். உள்ளே மெல்லிய வெடிப்புச் சத்தம் கேட்டது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பனிக்குள் அகப்பட்ட காற்று, பனி உருகும்போது குமிழ் குமிழாக விடுபடும் சத்தம் அது.

பனி உருகுகிறது என்பது அங்கே நின்ற யாருக்கும் புதிய செய்தி அல்ல. அதைக் காதால் கேட்டது அன்றுதான்.

காலநிலை மாற்றத்தைப் பற்றிக் கலை செய்ய நினைப்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ளவேண்டியது இதுதான். வானிலை நம் மேல் படுகிறது. வெயிலும் மழையும் உடலுக்குத் தெரியும். காலநிலை என்பதோ முப்பது ஆண்டுகளின் சராசரி. சராசரியில் யாரும் நனைவதில்லை. உடலுக்கு எட்டாத அந்த மாற்றத்தைக் கைக்கும் காதுக்கும் கண்ணுக்கும் எட்டும் தூரத்துக்குக் கொண்டுவருவதுதான் இந்தக் கலையின் வேலை. எச்சரிக்கை செய்ய அறிக்கைகள் இருக்கின்றன. உணரவைக்க அவற்றால் முடிவதில்லை.

தமிழில் எழுதுபவருக்கும் வரைபவருக்கும் இதை எண்ணிப் பார்க்க ஒரு நல்ல கருவி ஏற்கெனவே இருக்கிறது. தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தை மட்டும் அல்ல. நிலத்தையும் பொழுதையும் சேர்த்துத்தான். முல்லை என்றால் காடு மட்டும் இல்லை, கார்காலமும் மாலையும் கூடியதுதான் முல்லை. அந்த இரண்டின் மேல்தான் மரமும் பறவையும் விலங்குமாகிய கருப்பொருள் நிற்கிறது. அதன் மேல் மனித உணர்வாகிய உரிப்பொருள். இன்று நடப்பது என்ன? நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, பொழுது அதைவிட்டு விலகுகிறது. பூக்கவேண்டிய நாளுக்கு முன்பே பூக்கிறது. பூவை நம்பிய பூச்சி இன்னும் கூட்டை விட்டு வரவில்லை. காலநிலை மாற்றத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியவில்லை. கீழே உள்ள படிகள் எல்லாவற்றிலும் இந்த ஒரு கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்: நான் எடுத்துக்கொண்ட நிலத்தில் எந்தப் பொழுது விலகுகிறது?

முதல் படி: ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் பூமி உருண்டையை வரைகிறார்கள். எரியும் உருண்டை, உருகும் உருண்டை, கண்ணீர்விடும் உருண்டை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பார்த்தவர்கள் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. பூமி முழுவதையும் வரைந்தால் அதில் பார்ப்பவர் நிற்க இடம் இருப்பதில்லை.

அதனால் சிறிதாகத் தொடங்குங்கள். ஒரு மரம், ஒரு குளத்தின் நீர்மட்டம், ஒரு பறவையின் முதல் வருகை, ஒரு கரை எவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது என்பது. நடந்தே போய்ப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். அது மாறுவதாகவும் இருக்கவேண்டும். மாறாத ஒன்றை எடுத்துக்கொண்டால் அழகான படம் கிடைக்கும், இந்தக் கதை கிடைக்காது.

இரண்டாம் படி: தேதியோடு குறித்துவையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. என் அனுபவத்தில், பின்னால் வரும் படைப்பின் வலு முழுவதும் இங்கேதான் உருவாகிறது.

ஜப்பானின் கியோத்தோ நகரில் செர்ரி மரங்கள் முழுமையாகப் பூக்கும் நாள் பற்றிய குறிப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. அரசவையினரும் துறவிகளும் பூக்களைப் பார்க்கக் கூடிய நாட்களைத் தங்கள் நாட்குறிப்புகளில் எழுதிவைத்தார்கள். அவர்கள் அறிவியலுக்காக எழுதவில்லை. பூவின் அழகுக்காக எழுதினார்கள். ஆனால் தேதி போட்டு எழுதினார்கள். அந்தக் குறிப்புகளை ஆய்வாளர் யாசுயுகி ஆவோனோ ஒன்றாகத் தொகுத்தபோது ஆயிரத்து இருநூறு ஆண்டுக் காலநிலை ஆவணம் உருவானது. 2021-இல் அந்த மரங்கள் மார்ச் 26 அன்று முழுமையாகப் பூத்தன. அதுவரையிலான அந்த நீண்ட வரிசையிலேயே மிக முந்திய நாள் அதுதான். அமெரிக்காவில் ஹென்றி டேவிட் தோரோ 1850-களில் கான்கார்டு என்ற ஊரில் காட்டுப் பூக்கள் மலரும் நாட்களைக் குறித்துவைத்ததும் இதே போன்றது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து உயிரியலாளர் ரிச்சர்ட் பிரைமாக்கும் அவருடைய குழுவினரும் அந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு அதே ஊரில் நடந்து, பூக்கள் எவ்வளவு முந்திவிட்டன என்று ஒப்பிட்டார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வாரத்துக்கு ஒருமுறை, அதே நாள், அதே நேரம், அதே இடம். தேதி, மணி, வெப்பநிலை, வானம் எப்படி இருந்தது, எதைப் பார்த்தீர்கள். அதன் கீழே ஐந்து நிமிடத்தில் ஒரு கோட்டுப்படம் அல்லது நான்கு வரி. நிழற்படம் எடுத்தால் நிற்கும் இடத்தைத் தரையில் ஒரு கல் வைத்து அடையாளப்படுத்துங்கள். சட்டகம் மாறினால் ஒப்பிட முடியாது. குறைந்தது மூன்று மாதம். ஓராண்டு முடிந்தால் மிக நல்லது, ஏனென்றால் அப்போதுதான் ஒரு சுற்றுப் பொழுதுகளும் உங்கள் கண்முன் கடந்திருக்கும்.

மூன்றாம் படி: மாற்றம் எந்தப் புலனில் தெரிகிறதோ, அதுவே உங்கள் ஊடகம்

ஓவியம் கற்றவர் ஓவியம்தான் செய்யவேண்டும் என்று இல்லை. நீங்கள் பின்தொடரும் மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறதா, காதுக்கா, தோலுக்கா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒலிப்பதிவாளர் பெர்னி கிராஸ் 1988-இல் கலிஃபோர்னியாவின் சியர்ரா நெவாடா மலையில் லிங்கன் புல்வெளி என்ற இடத்தின் விடியற்கால ஒலியைப் பதிவு செய்தார். பிறகு அங்கே மரம் வெட்டினார்கள். ஒட்டுமொத்தமாக அழிக்காமல், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேர்ந்தெடுத்து வெட்டும் முறை அது. காட்டுக்குப் பாதிப்பு இருக்காது என்று சொல்லப்பட்டது. ஓராண்டு கழித்து அதே காலத்தில், அதே இடத்தில் கிராஸ் மீண்டும் பதிவு செய்தார். நிழற்படத்தில் காடு முன்பு போலவே இருந்தது. ஒலிப்பதிவில் ஓடையின் சத்தம் அப்படியே இருந்தது. பறவைகளின் அடர்ந்த கூட்டிசை போய்விட்டது. இரண்டு பதிவுகளையும், ஒலியைக் கண்ணுக்குக் காட்டும் அலைவரிசைப் படமாக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால், இசை தெரியாதவர்களுக்கும் அந்த வெற்றிடம் கண்ணில் படும். கண்ணை மட்டும் நம்பியிருந்தால் இந்த இழப்பே பதிவாகியிருக்காது.

ஒலியில் இறங்க விரும்பினால்: கைபேசியே தொடக்கத்துக்குப் போதும். கையில் பிடிக்காமல் ஒரு தாங்கியில் வையுங்கள். துணி உரசும் சத்தம்கூடப் பதிவைக் கெடுக்கும். ஒலிவாங்கியின் மேல் காற்றுத் தடுப்புப் பஞ்சு வேண்டும். விடியலுக்குச் சற்று முன் தொடங்கிப் பத்து நிமிடம் பேசாமல், அசையாமல் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து, கேட்டதை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: காற்றும் நீரும் எழுப்பும் ஒலி, உயிரினங்களின் ஒலி, மனிதர்களும் இயந்திரங்களும் எழுப்பும் ஒலி. இந்த மூன்று பிரிவும் கிராஸ் பயன்படுத்தியவைதான். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அலைவரிசைப் படத்தையும் பார்க்கலாம். ஒரு வேண்டுகோள்: பறவையை வரவழைக்க அதன் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிடாதீர்கள். எதிரி வந்துவிட்டது என்று எண்ணி அது கூட்டை விட்டு அலையும். அதன் அலைச்சலை விலையாகக் கொடுத்து நமக்குப் படைப்பு வேண்டாம்.

நான்காம் படி: எண்ணைக் கைக்குக் கொண்டுவாருங்கள்

கணக்கு என்றதும் பின்வாங்காதீர்கள். இங்கே தேவைப்படுவது கூட்டல், கழித்தல், வகுத்தல் மட்டும்தான்.

2018-இல் ரெடிங் பல்கலைக்கழகக் காலநிலை அறிவியலாளர் எட் ஹாக்கின்ஸ், ஓர் ஆண்டுக்கு ஒரு பட்டை என்று வெப்பநிலையை நிறங்களாக்கினார். எண்ணும் அச்சும் விளக்கமும் எதுவும் கிடையாது. இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் போகப்போகச் சிவப்பு. கழுத்துப்பட்டையிலும் சுவரிலும் டிராம் வண்டியிலும் அது ஏறியது. அதே முறையில் உங்கள் கைவேலையைச் செய்யலாம்.

ஏதேனும் ஒரு வானிலை நிலையத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையைக் குறைந்தது அறுபது ஆண்டுகளுக்கு எடுங்கள். பல நாடுகளின் வானிலைத் துறைகள் இதை இலவசமாகத் தருகின்றன; உலக சராசரிதான் வேண்டும் என்றால் நாசாவின் பதிவு 1880 முதல் கிடைக்கிறது. அதில் தொடர்ச்சியான முப்பது ஆண்டுகளை அடிப்படையாக எடுத்து அவற்றின் சராசரியைக் கணக்கிடுங்கள். அது 27.4 என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டின் சராசரி 28.1 என்றால் வித்தியாசம் கூட்டல் 0.7; இன்னோர் ஆண்டு 27.1 என்றால் கழித்தல் 0.3. எல்லா ஆண்டுகளுக்கும் இப்படி எழுதியபின், மிகக் குறைந்த வித்தியாசத்திலிருந்து மிகக் கூடியது வரை எட்டு சம பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நிற நூல் ஒதுக்குங்கள். ஆண்டுக்கு இரண்டு வரிசை பின்னினால் அறுபது ஆண்டும் ஒரு கழுத்துத்துணியில் அடங்கிவிடும்.

பின்னத் தொடங்கியவர்கள் சொல்லித்தான் எனக்கு இது புரிந்தது. முதல் இருபது ஆண்டுகளில் நீல நூலை அடிக்கடி எடுக்கவேண்டியிருக்கும். பிறகு ஒரு கட்டத்தில் நீல உருண்டை கூடையின் அடியில் தொடப்படாமலே கிடக்கும், சிவப்பு தீர்ந்து இன்னொரு உருண்டை வாங்கவேண்டிவரும். அட்டவணையில் அதே எண்களைப் படித்தபோது வராத கனம் அங்கே வரும். நிறத்தை மட்டும் மனம்போல மாற்றாதீர்கள். ஓர் ஆண்டு குளிர்ந்திருந்தால் குளிர்ந்த நிறம்தான் வரவேண்டும். ஒரு பட்டையைத் திருத்தினாலும் முழுத் துணியும் பொய்யாகிவிடும்.

பின்னலில் இன்னொரு வழியும் இருக்கிறது. கணிதவியலாளர் டைனா டைமினா 1997-இல், அதிபரவளைய வடிவம் என்று கணிதம் சொல்லும் சுருள்பரப்பைக் குரோஷே ஊசியால் பின்ன முடியும் என்று காட்டினார். முறை எளிது: குறிப்பிட்ட எண்ணிக்கைத் தையல்களுக்கு ஒரு புதிய தையல் என்று சீராகக் கூட்டிக்கொண்டே போனால் ஓரம் தானாகவே மடிந்து அலையலையாகச் சுருளும். சில பவளங்களின் வடிவமும் அதுவே. இதைக் கண்ட மார்கரெட், கிறிஸ்டீன் வெர்த்ஹைம் சகோதரிகள் 2005-இல் தொடங்கிய பின்னல் பவளத்திட்டில் பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் கைகோத்தார்கள். கடல் நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன்னுள் வாழும் பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடும். குழுவாகச் செய்வதற்கு இதைவிட நல்ல தொடக்கம் அரிது: எல்லோரும் வண்ண நூலில் பின்னத் தொடங்குங்கள், வெள்ளை நூலுக்கு எப்போது மாறுவது என்பதை அந்த ஆண்டின் கடல் வெப்பப் பதிவு முடிவுசெய்யட்டும்.

ஐந்தாம் படி: அறிந்தவர் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள்

படைப்பு முடிந்தபின் சரிபார்க்க அல்ல, தொடக்கத்திலேயே.

மெல் சின் என்ற கலைஞர் 1991-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரின் குப்பைமேட்டில் ஒரு தோட்டம் அமைத்தார். சதுர வேலிக்குள் வட்டம், வட்டத்தைக் குறுக்கே வெட்டும் இரண்டு நடைபாதைகள். அந்த மண்ணில் காட்மியம் கலந்திருந்தது. சில செடிகள் வேரின் வழியே உலோகத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும் என்பதை அறிந்த வேளாண் அறிவியலாளர் ரூஃபஸ் சேனியைத் தேடிப்போய் மெல் சின் கூட்டுச் சேர்ந்தார். சேனிக்கும் அந்தக் கருத்தைத் திறந்த வெளியில் சோதிக்க ஓர் இடம் தேவைப்பட்டது. இது கலையா என்ற ஐயத்தில் அரசு மானியம் முதலில் மறுக்கப்பட்டு, பிறகு வழங்கப்பட்டது. செடிகள் வளர்ந்தன, அறுவடை செய்து சோதித்தபோது இலைகளில் காட்மியம் இருந்தது. ஒரே நிலம் சிற்பமாகவும் ஆய்வுக்களமாகவும் ஒரே நேரத்தில் நின்றது. உளியால் கல்லைச் செதுக்குவதுபோலச் செடியால் நஞ்சைச் செதுக்கி எடுப்பது என்றே மெல் சின் இதைக் கண்டார்.

உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒரு கல்லூரித் தாவரவியல் ஆசிரியராகவோ, பறவை நோக்கராகவோ, முப்பது ஆண்டு அந்தக் கரையில் வலை வீசியவராகவோ இருக்கலாம். கடைசியில் சொன்னவரை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். முதல் சந்திப்பில் உங்கள் யோசனையைச் சொல்லாமல், இரண்டாம் படியில் எழுதிய நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். அதைப் புரட்டிப் பார்ப்பவர் தானாகவே பேசத் தொடங்குவார். அவர் சொன்னது படைப்பில் வருமானால் அவர் அனுமதியோடும், அவர் விரும்பினால் அவர் பெயரோடும் வரட்டும்.

ஆறாம் படி: உங்கள் படைப்பின் கணக்கையும் எழுதுங்கள்

பாரிஸுக்குப் பனிப்பாளங்களைக் கொண்டுவர எவ்வளவு எரிபொருள் செலவானது என்ற கேள்வி உங்களுக்கும் எழுந்திருக்கும். எழவேண்டிய கேள்விதான். கலைத்துறையின் சூழல் தாக்கத்தைக் கணக்கிடும் ஜூலிஸ் பைசைக்கிள் என்ற பிரிட்டன் அமைப்பு அதைக் கணக்கிட்டது. ஏறக்குறைய 30 டன் கரியமில வாயுவுக்கு ஈடு என்பது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அது தகுமா தகாதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். கணக்கை மறைக்காமல் முன்வைத்ததை நான் மதிக்கிறேன்.

தொடக்கநிலையில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். முதலாவது போக்குவரத்து: விமானத்தில் அனுப்புவதைவிடக் கப்பலிலோ ரயிலிலோ அனுப்புவதில் உமிழ்வு மிகவும் குறைவு, அனுப்பாமல் அங்கேயே செய்வது அதைவிட நல்லது. இரண்டாவது பொருட்கள். அக்ரிலிக் வண்ணம் ஒரு பிளாஸ்டிக். தூரிகை கழுவிய நீரைக் குழாயில் கொட்டாமல் ஒரு வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கியதை உலரவைத்து அப்புறப்படுத்துங்கள். மினுக்குத்தூள் வேண்டவே வேண்டாம். மூன்றாவது, கண்காட்சி முடிந்த மறுநாள். சட்டங்கள், பலகைகள், துணிப் பதாகைகள் எல்லாம் எங்கே போகும் என்பதற்குத் தொடங்கும்போதே விடை இருக்கவேண்டும். விதையோ செடியோ கலந்த படைப்பானால், அந்த மண்ணுக்கு அயலான இனம் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

ஏழாம் படி: எதைக் கொடுத்து அனுப்பப்போகிறீர்கள்?

பாரிஸ் மாநாட்டையொட்டி நடந்த கலைவிழாவின் 37 படைப்புகளை உளவியலாளர் லாரா சோமரும் அவருடைய சக ஆய்வாளரும் ஆராய்ந்தார்கள். படைப்புகளைப் பார்த்த எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களிடம் வினாத்தாள் கொடுத்துக் கேட்டார்கள். அச்சமூட்டியவற்றைவிட, தீர்வு ஒன்றை அழகோடும் வியப்போடும் காட்டிய சில படைப்புகளே பார்ப்பவரைக் கூடுதலாக அசைத்திருந்தன. துயரத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஐஸ்லாந்தில் ஓக் என்ற பனியாறு உயிரிழந்ததாக அறிவிக்கப்பட்டபின் 2019-இல் அங்கே ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். வருங்காலத்தினருக்கு எழுதிய கடிதம் அது, கீழே அந்த ஆண்டின் காற்றில் இருந்த கரியமில வாயுவின் அளவு, பத்து லட்சத்தில் 415 பங்கு. அதைப் படித்தால் நெஞ்சு கனக்கும். அந்தக் கனம் தேவையானது. ஆனால் துயரத்தோடு நிறுத்தி ஒருவரை வாசலில் தனியே விட்டுவிடக் கூடாது. ஒரு விதை, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு எங்கே கூடுகிறோம் என்ற ஒரு வரி, கண்காட்சிச் சுவரிலேயே பார்ப்பவர் தன் குறிப்பைத் தேதியோடு எழுத இடம் — இவற்றில் ஒன்றாவது இருக்கட்டும்.

நாடகக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: காலநிலை மாற்ற நாடகச் செயல்பாடு என்ற திட்டம் 2015 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பல நாட்டு எழுத்தாளர்களிடமிருந்து ஐந்து நிமிட நாடகங்களைப் பெற்றுப் பொதுவில் தந்துவருகிறது. மேடை வேண்டாம், வகுப்பறையும் பூங்காவும் போதும்.

எட்டாம் படி: தண்ணீர் ஊற்றப்போவது யார்?

மரம் நடுவதை எல்லோரும் எளிதாகச் செய்துவிடுகிறார்கள். ஜெர்மானியக் கலைஞர் யோசஃப் பாய்ஸ் 1982-இல் காசெல் நகரில் 7000 கருங்கல் தூண்களைப் பொதுவெளியில் குவித்துவைத்தார். ஒரு மரம் நட்டால் அதனருகே ஒரு கல்லை நடலாம். குவியல் குறையவேண்டுமானால் நகரம் மரம் நட்டாகவேண்டும். ஐந்து ஆண்டுகள் ஆனது. பாய்ஸ் 1986 ஜனவரியில் இறந்துபோனார். கடைசி மரத்தை 1987-இல் அவருடைய மகன் நட்டார். கன்று கல்லின் அருகே ஒல்லியாக நின்றது. இன்று கல் மரத்தின் காலடியில் சிறிதாகக் கிடக்கிறது.

உங்கள் திட்டத்தாளில் தலைப்புக்கு அடுத்த வரியை வெறுமையாக விடுங்கள். கண்காட்சி முடிந்த மூன்றாம் ஆண்டில் அந்தச் செடியை, அந்தப் பதிவை, அந்த நோட்டுப் புத்தகத்தைக் கவனித்துக்கொள்ளப்போகிறவரின் பெயரை அங்கே எழுதுங்கள். பெயர் கிடைத்த பிறகு மண்ணைத் தோண்டுங்கள்.